செகண்ட் ஹேண்ட் ஏரோப்ளேன் வேணுமா, சார்?

வில்லியனூர் பக்கமிருந்து தினமும் டூ வீலரில் பாண்டிச்சேரி ஆபீசுக்குப் போய் வருகிற அன்பர்களுக்கு, இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஒரு நினைப்பு வரும். பாகூர்க்காரர்களுக்கு அதே நினைப்பு அரியாங்குப்பம் டிராஃபிக்கில் வரும். 'அப்படியே ஜிவ்வுன்னு மேலே கிளம்பிட்டா எப்படி இருக்கும்?'

கிளம்பலாம், தப்பில்லை. நம் நாட்டில் தனி நபர் சொந்தமாக ஒரு குட்டி விமானம் வைத்துக்கொள்ளத் தடை எதுவும் கிடையாது. 17 வயது முடிந்து, பரீட்சை எழுதி, டாக்டரிடம் 'ஓகே' வாங்கி, குறைந்தது 40 மணி நேரம் பறந்து பழகினால் பிரைவேட் பைலட் லைசென்ஸ் கிடைக்கும். விமானத்துக்கு டெல்லி டி.ஜி.சி.ஏ. ஆபீஸ் நம்பர் கொடுக்கும். வாலுக்குப் பக்கத்தில் 'வி.டி.' என்று ஆரம்பிக்கிற அந்த நம்பரைப் பெரிதாக எழுதிக்கொள்ளலாம். இறங்க லாஸ்பேட்டையில் ஒன்றரை கிலோ மீட்டர் ஓடுபாதை இருக்கிறது. குட்டி விமானத்துக்கு அது ராஜபாட்டை. பாதியில் நின்றுவிடும்.

விலைதான் உதைக்கிறது. நாலு பேர் உட்காரும் செஸ்னா 172 புதிதாக வாங்கினால் 4 லட்சம் டாலருக்கு மேல். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், மத்தியானச் சாப்பாடு இறங்காது. ஆனால் அதே கம்பெனியின் ஐம்பது வயதான சின்ன விமானம் அமெரிக்காவில் ஒரு நல்ல புதுக் கார் விலைக்குக் கிடைக்கிறது. ஐம்பது வருஷக் காரை யாரும் நெடுஞ்சாலையில் ஓட்டப் பயப்படுவார்கள். ஐம்பது வருஷ விமானத்தில் ஆயிரக்கணக்கான பேர் குடும்பத்தோடு பறக்கிறார்கள்.

எப்படி? அந்தக் கதைதான் இது.

செஸ்னா 172 விற்பனைக்கு வந்தது 1956-ல். இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை பிறந்ததில்லை. ஆனால் 1986-ல் திடீரென்று உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். எந்தக் காலத்திலோ விற்ற விமானம் விழுந்தால்கூட கம்பெனி மேல் கேஸ் போட்டு நஷ்டஈடு கேட்டதில் தொழிலே படுத்துவிட்டது. 18 வருஷத்துக்கு மேல் பழையதான சின்ன விமானங்களுக்குக் கம்பெனி மேல் வழக்குப் போட முடியாது என்று 1994-ல் அமெரிக்காவில் சட்டம் வந்த பிறகுதான், 1996-ல் மறுபடி ஃபேக்டரியைத் திறந்தார்கள். நடுவில் பத்து வருஷம் புதுசு கிடையாது. இருக்கிற பழசைக் காப்பாற்றுவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு காலத்தில் இந்தக் கலை பைலட்டின் கையிலேயே இருந்தது. 1930-ல் ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து லண்டனை நோக்கிக் கிளம்பினார். ஆஸ்பி இன்ஜினீயர் என்ற பையன் லண்டன் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தான். இரண்டு பேரிடமும் ஜிப்ஸி மாத் விமானம். எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் டாட்டா இறங்கினால், ஆஸ்பி அங்கே திருதிருவென்று நிற்கிறான். ஸ்பார்க் பிளக் போய்விட்டது. கையில் மாற்று இல்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? 'அடடா, பாவமே' என்று கையசைத்துவிட்டுப் பறந்திருப்பீர்கள். டாட்டா தன்னுடைய ஸ்பேர் பிளக்கை எடுத்துக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி ஜெயித்தார்! அந்தப் பையன்தான் பிற்பாடு, 1960-லிருந்து 1964 வரை, இந்திய விமானப் படையின் தலைவர்.

இன்றைக்கு அப்படி யாரோ கொடுத்த பிளக்கை வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. அமெரிக்காவிலாவது டயர் மாற்றுவது, ஆயில் மாற்றுவது போல ஏறத்தாழ முப்பது சில்லறை வேலைகளைச் சொந்தக்காரரே செய்ய அனுமதி உண்டு. அதையும் செய்து முடித்து லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றதெல்லாம் லைசென்ஸ் பெற்ற இன்ஜினீயர் செய்தால்தான் செல்லும். நம் ஊரில் அவருக்கு ஏ.எம்.இ. என்று பெயர். அவர் கையெழுத்து இல்லாத விமானம், தரையில் நிற்கும் அலுமினியப் பாத்திரம்.

வில்லியனூரில் எனக்குத் தெரிந்த ஒரு புல்லட் மெக்கானிக் உண்டு. சத்தத்தைக் கேட்டே 'டேப்பட் லூஸ்' என்று சொல்லிவிடுகிற ஆள். அவரிடம் இதைச் சொன்னேன்.

"அண்ணே, ஏரோப்ளேன்ல ஒரு போல்ட் மாத்தணும்னா, அது எந்த ஃபேக்டரியில, எந்த பேட்ச்ல செஞ்சதுன்னு பேப்பர் இருக்கணும். பேப்பர் இல்லாட்டி அதே போல்ட்டைக் குப்பையில போடணும்."

"இன்னா சார் சொல்ற, போல்ட்டுக்கு ஜாதகமா?"

"ஆமாம். போல்ட்டுக்கு மட்டும் இல்ல. என்ஜினுக்கு ஒரு நோட்டு, பாடிக்கு ஒரு நோட்டு. பொறந்த நாள்லேர்ந்து எத்தனை மணி நேரம் பறந்துது, என்ன உடைஞ்சுது, யார் மாத்துனாங்க, எல்லாம் அதுல இருக்கணும்."

"நோட்டு தொலைஞ்சு போச்சுன்னா?"

"விமானத்தோட மதிப்புல ஒரு பெரிய பங்கு அதோட தொலைஞ்சுது."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அப்ப நீ வாங்கறது வண்டி இல்ல சார், நோட்டுதான்" என்றார்.

கரெக்ட். ஐம்பது வயது விமானத்தில் ஐம்பது வயதான சாமான் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? என்ஜினைப் பல தடவை பிரித்துக் கோத்திருப்பார்கள். டயர், பிரேக், ஒயர், ரேடியோ, சீட் துணி எல்லாம் பல தலைமுறை கண்டிருக்கும். நம்ம ஊர்த் தேர் மாதிரிதான். வருஷா வருஷம் வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரை கவர்னரே வந்து வடம் பிடித்து இழுக்கிறார். பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம் இது. தேர் என்னவோ பழைய தேர். அச்சும் சக்கரமும் சட்டமும் காலாகாலத்தில் மாறிக்கொண்டேதான் இருக்கும். திருவாரூர் ஆழித் தேர் பல வருஷம் ஓடாமல் நின்று, 1970-ல் மறுபடி ஓடியதே, அப்போது திருச்சி பி.ஹெச்.இ.எல். இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. பிரேக் புதுசு என்பதற்காக அது வேற தேர் என்று யாராவது சொன்னார்களா?

விமானத்தின் வயதைக் காலண்டர் பார்த்துச் சொல்வது அரைக் கணக்குதான். மீதி, மணிக் கணக்கு. செஸ்னாவில் வருகிற லைகாமிங் என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 2,000 மணி நேரம் ஓடியதும், அல்லது 12 வருஷம் ஆனதும், எது முந்துகிறதோ அப்போது முழுசாகப் பிரித்து ஓவர்ஹால் பண்ணச் சொல்கிறது கம்பெனி. 2,000 மணி என்றால் கொஞ்சமில்லை. மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தில் 4 லட்சம் கிலோ மீட்டர். நிலாவே சராசரியாக 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோ மீட்டரில்தான் இருக்கிறது. ஆக, நிலாவைத் தாண்டிப் போய் ஒரு டீ குடித்துவிட்டு ஓவர்ஹாலுக்கு விட்டால் போதும்! அந்த ஓவர்ஹால் பில், பழைய விமானம் வாங்கிய விலையில் பாதியைச் சுலபமாகத் தொட்டுவிடும் என்பது வேறு விஷயம்.

இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். "சார், இருபது வருஷமா ஷெட்டிலேயே நிக்குது, மொத்தமே முந்நூறு மணிதான் ஓடியிருக்கு, என்ஜின் பொண்ணு மாதிரி இருக்கு" என்று புரோக்கர் சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். நிறைய ஓடிய என்ஜினைவிட நின்றே கிடந்த என்ஜின்தான் ஆபத்து. லைகாமிங்கில் கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. விமானம் நின்றால் அதன் மேல் படிந்த ஆயில் மெதுவாகக் கீழே வடிந்துவிடும். அப்புறம் வெறும் இரும்பும் ஈரக் காற்றும்தான். நம் பாண்டிச்சேரி உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று. கேமில் துரு ஏறி, அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணும்போது அந்தத் துருவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

'அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடறேன்' என்கிறீர்களா? புல்லட்டுக்கு நாம் பண்ணுகிற அதே உபசாரம். அது இன்னும் மோசம். என்ஜின் எரியும்போது உண்டாகிற நீராவி ஆயிலில் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். தரையில் நின்று உறுமினால் அவ்வளவு சூடு வராது. ஈரத்தை உள்ளேயே சேமித்து வைத்த மாதிரி ஆகிவிடும். விமானத்துக்கு மருந்து பறப்பதுதான்.

நல்ல சொந்தக்காரர் ஆயில் மாற்றும்போது சும்மா மாற்றமாட்டார். பழைய ஃபில்டரை ரெண்டாக அறுத்து, உள்ளே இருக்கிற மடிப்புக் காகிதத்தைப் பிரித்து வெயிலில் காட்டுவார். மினுக் மினுக்கென்று ஏதாவது தெரிகிறதா? காந்தத்தில் ஒட்டுகிறதா? ஒட்டினால் இரும்பு. எங்கேயோ உள்ளே ஒன்று தேய்கிறது. ஒரு சின்ன பாட்டில் ஆயிலை லேபுக்கும் அனுப்புவார். இரும்பு இத்தனை, தாமிரம் இத்தனை, குரோமியம் இத்தனை என்று ரிப்போர்ட் வரும். சுகர் பார்ட்டிகள் மூன்று மாசத்துக்கொரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டைப் போன ரிப்போர்ட்டோடு ஒப்பிடுகிறார்களே, அதே சமாச்சாரம்தான். ஒரு ரிப்போர்ட் எதையும் சொல்லாது. பத்து ரிப்போர்ட்டை வரிசையாக வைத்தால் பேசும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்கு இரண்டு தனித் தனி மேக்னெட்டோ. பேட்டரி செத்துப் போனாலும் என்ஜின் நிற்காது. கிளம்புவதற்கு முன் பைலட் ஒன்றை அணைத்து, மற்றதில் ஓடவிட்டுப் பார்ப்பார். சுற்று கொஞ்சம் குறையலாம். அளவுக்கு மேல் குறைந்தால் அன்றைக்கு டூர் கேன்சல், வீட்டுக்குப் போய் டி.வி. பார்க்க வேண்டியதுதான். அதற்கு முன்னாலேயே இறக்கைக்கு அடியில் ஒரு குட்டி வால்வை அழுத்திக் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விமான பெட்ரோல் நீல நிறம். அடியில் நிறமில்லாமல் குமிழ் நின்றால் தண்ணீர். நம் பங்க் பெட்ரோலை இப்படிப் பிடித்துப் பார்க்காமல் இருப்பதுதான் மனசுக்கு நல்லது.

இதெல்லாம் வழக்கமான வேலை. ஆனால் உயிரை வாங்குவது பல நேரம் என்ஜின் இல்லை, நாம் கவனிக்கவே கவனிக்காத ஒரு அற்பச் சாமான்.

செஸ்னாவின் முன் சீட் நம் கார் சீட் மாதிரியே தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்தில் ஓட்டைகள். ஒரு ஊசி அந்த ஓட்டையில் விழுந்து சீட்டைப் பிடித்துக்கொள்ளும். முப்பது வருஷம் ஏறி இறங்கியதில் வட்ட ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும். ஊசியும் மழுங்கிவிடும். இனி கற்பனை பண்ணுங்கள். முழு வேகத்தில் ஓடி மூக்கைத் தூக்கும் நேரத்தில் ஊசி நழுவி, சீட் 'சர்ர்'ரென்று பின்னால் போகிறது. மனுஷன் பிடிமானத்துக்குக் கையில் இருப்பதைத்தானே பற்றுவான்? கையில் இருப்பது ஸ்டீயரிங். அதைப் பிடித்து இழுத்தால் மூக்கு இன்னும் மேலே போகும். வேகம் செத்து விமானம் தொப்பென்று விழும். காலோ பெடலுக்கு எட்டாது.

இப்படி நிஜமாகவே விழுந்தார்கள். 1987-ல் அமெரிக்க அரசு, ஒவ்வொரு 100 மணிப் பறப்புக்கும் அல்லது வருடாந்தரச் சோதனைக்கும் அந்தத் தண்டவாளத்தை அளந்து பார்த்தே ஆக வேண்டும் என்று கட்டளை போட்டது. 1989-ல் ஃபுளோரிடாவில் ஒரு செஸ்னா 185 விழுந்ததற்கு சீட் நழுவியதுதான் காரணம் என்று வழக்கு நடந்து, 2001-ல் ஜூரிகள் கொடுத்த தீர்ப்பு: 480 மில்லியன் டாலர் நஷ்டஈடு! ஒரு ஓட்டையின் தேய்மானத்துக்கு.

பழைய விமானம் வாங்குகிறவர் இந்த மாதிரிக் கட்டளைகளின் முழு ஜாபிதாவையும் எடுத்து வைத்துக்கொண்டு, எதெது எப்போது நிறைவேறியது என்று லாக் புக்கோடு ஒத்திட்டுப் பார்க்க வேண்டும். பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு இந்த வேலை பிடிக்காது.

சரி, புதுசாக்குவது? காருக்கு மியூசிக் சிஸ்டம் மாற்றுகிற மாதிரி விமானத்தில் எதையும் மாற்ற முடியாது. இந்த மாடலில் இந்தச் சாமானை இந்த முறையில் மாட்டலாம் என்று யாராவது சோதித்து, அரசாங்கத்திடம் எஸ்.டி.சி. என்ற அனுமதியை வாங்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கப் ஹோல்டர் மாட்டுவதற்கே இன்ஜினீயர் முகத்தைச் சுளிப்பார்.

ஆனால் ஒரு மாற்றத்துக்கு மட்டும் கடன் வாங்கியாவது செலவு பண்ணலாம் என்பது என் கட்சி. பழைய விமானத்தில் 'செயற்கை அடிவானம்' என்று ஒரு வட்டக் கருவி இருக்கும். மேகத்துக்குள் போனால் எது வானம், எது பூமி என்று நம் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பே பொய் சொல்லும். அப்போது நம்ப வேண்டியது இந்தக் கருவியைத்தான். பெரும்பாலான பழைய விமானங்களில் இதைச் சுழல வைப்பது என்ஜினில் மாட்டிய ஒரு வேக்குவம் பம்ப். உள்ளே கார்பன் தகடுகள். முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் படாரென்று உடையும். கருவி உடனே நிற்காது. மெதுவாகச் சாய ஆரம்பிக்கும். பைலட்டும் அதோடு சேர்ந்து விமானத்தைச் சாய்ப்பார்.

2000-ம் வருஷம் அக்டோபர் 16 ராத்திரி, அமெரிக்காவின் மிசௌரி மாநில கவர்னர் மெல் கர்னஹன் ஒரு சின்ன செஸ்னாவில் தேர்தல் பிரசாரத்துக்குப் போனார். ஓட்டியது அவர் மகனே. மழை மேகம். பைலட் எதிரில் இருந்த அடிவானக் கருவி பழுதாகி, திசை குழம்பி விமானம் விழுந்தது என்று விசாரணை சொன்னது. உள்ளே இருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். வாக்குச் சீட்டில் பெயரை மாற்ற நேரமில்லை. மூன்று வாரம் கழித்து நடந்த செனட் தேர்தலில் இறந்துபோன கவர்னரே ஜெயித்தார்!

2016-லிருந்து இந்தக் கருவிக்குப் பதிலாகச் சின்ன எலெக்ட்ரானிக் திரைகளைப் பழைய விமானங்களில் மாட்ட அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சுழல்கிற சாமானே கிடையாது. சொந்தமாக ஒரு பேட்டரியும் வைத்துக்கொள்ளலாம், விமானத்தின் கரண்ட் போனாலும் அது போகாது. ஐம்பது வயது தேகத்துக்குப் புதுக் கண் வைத்த மாதிரி.

'இந்தக் கூத்தெல்லாம் வெள்ளைக்காரனுக்கு, நமக்கு எதுக்கு?' என்று கேட்காதீர்கள். பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லில் வி.எம். காட்கே வடிவமைத்த புஷ்பக் விமானம் 1958-ல் முதலில் பறந்தது. 90 குதிரை சக்தி, இரண்டு சீட், துணி போர்த்திய உடம்பு. நம் நாட்டு ஃபிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை பைலட்டுகள் அதில்தான் பழகினார்கள். துணியென்றால் சும்மா இல்லை. 'டோப்' என்ற திரவத்தைப் பூசினால் மிருதங்கத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். வெயில் பட்டுப் பட்டு அந்தத் துணி நைந்து போகும். குத்திப் பார்த்து பலத்தைச் சோதித்து, தோற்றால் முழுசாக உரித்துப் புதுசு போர்த்த வேண்டும். வயலில் இறக்கினால் மாடு வந்து இறக்கையை நக்கும் என்று பழைய பைலட்டுகள் சொல்வார்கள். பாகூர்க்காரர்கள் கவனிக்க!

பழசைத் தேடிப் பிடித்து உயிர் கொடுத்த இந்தியரும் இருக்கிறார். குட்டி விமானம் இல்லை, பெரிய டகோட்டா. அந்த ரகத்தை விமானப் படையில் ஓட்டிய பைலட்டின் மகன் ராஜீவ் சந்திரசேகர், 2011-ல் காயலான் கடைக்குப் போக இருந்த ஒரு டகோட்டாவைச் சொந்தக் காசில் வாங்கி, இங்கிலாந்தில் வைத்துச் சீர்படுத்தினார். பிறகு விமானப் படைக்கே பரிசாகக் கொடுத்தார். 2018 ஏப்ரலில் அது தன் இறக்கையாலேயே பல நாடுகளைத் தாண்டி இந்தியா வந்தது. பெயர் பரசுராமா.

ஸ்பார்க் பிளக் தானம் பண்ணிய நம் டாட்டாவும் பழசை விடவில்லை. 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு முதல் டாட்டா விமானத் தபாலைத் தானே ஓட்டிக் கொண்டுவந்தவர், சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 1982-ல், அதே வழியில் தனியாகப் பறந்தார். விமானம் லெப்பர்ட் மாத். 1933-லிருந்து 1936 வரைதான் அந்த ரகத்தைச் செய்தார்கள். ஆக, விமானத்துக்கு நாற்பதுக்கு மேல், ஓட்டியவருக்கு 78. இரண்டுமே நல்ல மெயின்டனன்ஸ்!

இன்னும் ஆசை விடவில்லையா? சரி, கொஞ்சம் நல்ல சேதி. இந்த விமானங்களுக்கான பெட்ரோலை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்துக்கொண்டிருந்தோம். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் அதை வடோதராவிலேயே தயாரித்து விற்க ஆரம்பித்துவிட்டது. மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் குடிக்கும். அது போக ஷெட் வாடகை, இன்சூரன்ஸ், இன்ஜினீயர் ஃபீஸ், ஓவர்ஹாலுக்காக ஒவ்வொரு மணிக்கும் எடுத்து வைக்கும் உண்டியல் பணம். பறந்தாலும் செலவு, நின்றாலும் செலவு. அதனால்தான் வெளிநாட்டில் நாலு பேர், ஐந்து பேர் சீட்டுக் கம்பெனி மாதிரி சேர்ந்து ஒன்றை வாங்குகிறார்கள். சேர்ந்தால் விமானமும் அடிக்கடி பறக்கும், கேமில் துருவும் ஏறாது. பொங்கல் லீவில் யார் எடுப்பது என்பதில்தான் சண்டை வரும்.

அப்படி நாலு பேர் சேர்ந்துவிட்டால், முதல் செலவை விமானத்துக்குப் பண்ணாதீர்கள். விற்கிறவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு நல்ல இன்ஜினீயரைக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். விமானம் வெளியே வெயிலில் மினுக்கிக்கொண்டு நிற்கும். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். உள்ளே மேஜையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய நோட்டுகளை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார். நீங்கள் டீ சொல்லிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள்.